டிக்கி மூடியின் உட்பக்கம்

உட்வார்ட் அவென்யூவில் எல்லோரும் ஓடுகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிற்கிற கார்களின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

டெட்ராய்டிலிருந்து வடமேற்கே பான்டியாக் வரை போகும் சாலை அது. 1909-ல் அதன் ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் போட்டபோது, அதைப் பார்க்கவே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்களாம். 1995-ல் ஃபெர்ண்டேல் ஊர்க்காரர்கள் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்டப் பழைய கார்களை இந்தச் சாலையில் ஓட்டிக் காட்டினார்கள். அது பிடித்துக்கொண்டது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை இங்கே திருவிழா. தேர் நிலையைவிட்டு நகர்வது போல வண்டிகள் ஊர்கின்றன. இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, தொப்பி போட்ட தாத்தாக்கள். நிறுத்திய கார்களில் முன்னால் பானட்டையும் பின்னால் டிக்கியையும் திறந்து வைத்திருக்கிறார்கள். பானட்டைச் சுற்றித்தான் கூட்டம். டிக்கிப் பக்கம் நாற்காலி போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

என் மாமா பையன் கூட வந்திருந்தான். கேன்டனில் வீடு, கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. "மச்சான், இன்ஜினைப் பாக்காம டிக்கியை எதுக்குப் பாக்கறீங்க?" என்றான். அவனுக்கு மறந்துபோயிருக்கும். சிங்காநல்லூரில் அவன் அப்பா, அதாவது என் தாய்மாமா, டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைக்குப் போனால் எனக்கு அங்கே ஒரே வேலை: டிக்கி மூடியின் உட்பக்கத்தை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது. தேய்ப்பில் தப்பு வந்தாலும் வெளியே தெரியாது. தொழில் பழகுகிற பையனுக்கு ஏற்ற இடம். பையன் பெயிண்ட் வாசனைக்குப் பயந்து கம்ப்யூட்டருக்கு ஓடினான். எனக்கு மட்டும் எந்த ஊரில் எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் அந்த மூடியின் உள்ளே விரல் போகும்.

நாம் சொல்கிற டிக்கி, அமெரிக்கர்களுக்கு ட்ரங்க், ஆங்கிலேயர்களுக்கு பூட். குதிரை வண்டியின் பின்னால் வேலைக்காரர் உட்காரும் பலகைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் டிக்கி. மோட்டார் வந்த பிறகு, பின்பக்க மூடியைத் திறந்தால் விரியும் வெட்டவெளி இருக்கைக்கு அந்தப் பெயர் போயிற்று. இருக்கை ஒழிந்து சாமான் பெட்டியான பிறகும் நாம் பெயரை விடவில்லை. அமெரிக்கர்களின் ட்ரங்க் கதையும் இதே ரகம். முதலில் காருக்குப் பின்னால் வார் போட்டுக் கட்டியது நிஜமான ட்ரங்குப் பெட்டி. நம் பாட்டிகளின் பரணில் கிடக்கிறதே, அதற்குப் பங்காளி. 1930-களில் அந்தப் பெட்டி காரின் உடம்போடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

ராயல் ஓக் அருகே ஒரு 1966 மஸ்டாங். ஃபோர்டு கம்பெனி 'நைட்மிஸ்ட் ப்ளூ' என்று பெயர் வைத்த கருநீலம். வெளிப்பக்கம் ஒருமுறை மறுபடி அடிக்கப்பட்டது என்று வண்டிக்காரரே சொன்னார். "ஆனால் மூடியின் உள்பக்கத்தை ஆலைக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை" என்றார், வீட்டில் பழைய ஓலைச்சுவடி இருக்கிறது என்று சொல்பவரின் தோரணையில். குனிந்து பார்த்தேன்.

பரிதாபமாக இருந்தது. வெளித்தகடு ஒன்று, உள்ளே அதைத் தாங்கும் எலும்புச் சட்டம் போன்ற தகடு ஒன்று. இரண்டும் விளிம்பில் மடித்து அழுத்தப்பட்டிருந்தன. சட்டத்தின் ஓட்டைகளுக்குள் பார்த்தால், வெளித்தகட்டின் அடிமுகத்தில் நீலம் ஏதோ மூச்சுவிட்டது போல லேசாகப் படிந்து, அதன் பின்னால் பிரைமர் தெரிந்தது. சட்டத்தின் மேல்முகத்தில் நீலம் இருந்தது, பளபளப்பு இல்லை. விரல் வைத்தால் சொரசொரப்பு. கீழ் மூலையில் ஒரு சொட்டு வழிந்து, விழுவதற்குள் ஓவனில் வெந்து அப்படியே கல்லாகிவிட்டது. கீல் கையின் பின்புறம் பெயிண்டே போகவில்லை. ஓரத்தில் மஞ்சள் மெழுகுக் குச்சியால் யாரோ அவசரமாக எழுதிய ஓர் எண்.

பக்கத்தில் இன்னொரு மஸ்டாங், சிவப்பு, புதிதாகச் செப்பனிட்டது. அதன் மூடி உட்பக்கத்தில் என் முகம் தெரிந்தது. பிரமாதம் என்றேன். நீல வண்டிக்காரரின் நண்பர், எழுபது தாண்டியவர், நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். "அழகுதான். ஆனால் தப்பு. எந்த ஆலையும் அப்படி அடித்ததில்லை."

அவர் ஒரு கார் ஆலையின் பெயிண்ட் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமாவின் கைகளைப் போலவே நகத்தடியில் ஒரு நிரந்தரக் கறை. அடுத்த அரை மணி நேரம் மாமா பையன் ஹாட் டாக் வாங்கப் போய்விட்டான். நான் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்டேன்.

முதல் விஷயம், மூடியைத் தனியாகக் கழற்றி யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. கதவுகளும் டிக்கி மூடியும் கீலில் மாட்டிய பிறகே உடற்கூடு பெயிண்ட் கூடத்துக்கு வரும். கழுவி, துரு தாங்குவதற்கான பாஸ்பேட் கரைசலில் குளிப்பாட்டி, பிரைமர் அடித்து, மூட்டுகளில் அடைப்புப் பசை பூசி, ஓவனில் சுட்டு, தேய்த்து, பிறகுதான் நிறம். நிறம் அடிக்கும் கூண்டுக்குள் வண்டி நுழைந்ததும் முதலில் உள்விளிம்பு ஆட்கள். ஒருவர் கதவைத் திறந்து நிலையை அடிப்பார். இன்னொருவர் டிக்கியைத் தூக்கி, வளைத்த கம்பி ஒன்றை முட்டுக் கொடுத்து, உள்ளே கையை ஒரு சுற்றுச் சுற்றுவார். சங்கிலி நிற்காது. நிமிடத்துக்கு ஒரு வண்டி என்கிற வேகம். அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அதற்குள் விளிம்பு, நீர் வடியும் பள்ளம், கீல், சட்டம் எல்லாம் நனைந்தாக வேண்டும். பிறகு மூடியை இறக்கிவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடுவார். வெளிமுகத்தை அடிக்கும் ஆள் பின்னால் வருவார். பளபளப்பு அவருடைய பொறுப்பு.

"உள்பக்கம் ஏன் சொரசொரப்பு?" என்றேன்.

"கன்னைத் தள்ளிப் பிடித்து வேகமாக வீசினால் பெயிண்ட் தகட்டைத் தொடுமுன்பே பாதி காய்ந்துவிடும். தூசி மாதிரி உட்காரும். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். அதற்குத்தான் மாமாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

பிறகு ஓவன். அறுபதுகளில் ஃபோர்டு அடித்தது அக்ரிலிக் எனாமல். சூட்டில் வெந்து கெட்டிப்படும் வகை. ஓவனுக்குள் போய் வெளியே வந்தால் பளபளப்பு தானாக வரும், தேய்க்க வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழி. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அவர்கள் அக்ரிலிக் லாக்கர். அதைச் சுட்டு, குறைகளைத் தேய்த்து, மறுபடி சுடுவார்கள். இரண்டாம் சூட்டில் பெயிண்ட் இளகி ஓடி, தேய்த்த கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும். நான் கேட்டதிலேயே மிகச் சாமர்த்தியமான சோம்பேறித்தனம் இதுதான். ஆனால் அந்த உபசாரமெல்லாம் வெளிமுகத்துக்குத்தான். மூடியின் உள்பக்கத்தைத் தேய்க்க அங்கே பள்ளி விடுமுறைப் பையன் யாரும் இல்லை.

அறுபதுகளின் ஷெவர்லே கார்களில் டிக்கியின் தரையைப் பார்த்தால் இன்னொரு தந்திரம். கருப்பில் நீலப்பச்சைப் புள்ளி, சாம்பலில் வெள்ளைப் புள்ளி என்று தெளித்த பெயிண்ட். ஒரே கன்னிலிருந்து இரண்டு நிறமும் கலக்காமல் வந்து விழும். பார்க்க மொசைக் தரை போல அழகுதான். அழகுக்காக வந்ததல்ல. வெல்டிங் தழும்பு, பசையின் பிசிறு, பறந்து வந்து படிந்த வெளிநிறம் எல்லாம் அந்தப் புள்ளிக் கூட்டத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். மூடியின் உள்பக்கம் மட்டும் பெரும்பாலும் காரின் நிறத்திலேயே நின்றது. ஒரே பெட்டிக்குள் கீழே புள்ளி, மேலே ஒற்றை நிறம்.

இந்த அலட்சியம்தான் இன்று பொன் விலை. பழைய கார்ச் சங்கங்களின் போட்டியில் நடுவர்கள் கைவிளக்கோடு வந்து டிக்கிக்குள் தலையை நீட்டுகிறார்கள். வண்டி ஆலையைவிட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். அதைவிட நன்றாக இருந்தாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது, சில இடங்களில் வெட்டும் உண்டு. ஆகவே ஆட்கள் மாதக்கணக்கில் செலவழித்து, அவசரமாக அடித்தது போல அடிக்கப் பழகுகிறார்கள். எத்தனை அடி தள்ளி நின்றால் அந்தச் சொரசொரப்பு வரும் என்று பழைய தகட்டில் ஒத்திகை. மெழுகுக் குச்சி எழுத்தைப் படம் பிடித்து அச்சு வெட்டி மறுபடி எழுதுகிறார்கள். ஒரு தொழிலாளியின் சில நொடியை நகலெடுக்க ஒரு வாரம். எனக்கு இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு வண்டிக்காரர் மேல் இரக்கமும் வந்தது. அவர் இன்னும் கண்ணாடி போன்ற மூடியை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிக்கெட் அவென்யூ. ஃபோர்டு மாடல் டி பிறந்த இடம் என்று மாமா பையன் ஒரு ஏரித் துறைமுகம் அளவுக்கு எதிர்பார்த்து வந்தான். இருப்பது மூன்று மாடிச் செங்கல் கட்டடம். 1904-ல் கட்டியது. 402 அடி நீளம், 56 அடி அகலம், வரிசை வரிசையாக ஜன்னல். நூற்பாலை மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது, கோயம்புத்தூர்க்காரன் கண். உண்மையில் நூற்பாலைகளின் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள், வெளிச்சத்துக்காக. உள்ளே மரத்தரை எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது.

இங்கிருந்து 1908-ல் வந்த மாடல் டி கார்கள் கருப்பு அல்ல. சாம்பல், சிவப்பு, பச்சை என்று வந்தன. கருப்பு மட்டும் என்ற காலம் 1914 முதல் 1925 வரை, ஹைலண்ட் பார்க் ஆலைக்குப் போன பிறகு. அங்கே உடற்கூட்டுக்கு ஸ்ப்ரேயும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல, அகன்ற வாயுள்ள குழாயால் பெயிண்டை மேலிருந்து ஊற்றுவார்கள். வழிந்தது கீழே தொட்டியில் சேரும். மறுபடி குழாய்க்குப் போகும். மட்கார்டுகளைத் தொட்டியில் முக்கி எடுத்துச் சுட்டார்கள். கருப்பு என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தனவாம், ஒவ்வொரு பாகத்துக்கும் காயும் முறைக்கும் ஒன்று.

விலை உயர்ந்த கார்களின் நிலைமை வேறு. அவை குதிரை வண்டிப் பரம்பரையிலேயே வந்தன: எண்ணெய் வார்னிஷ், ஒரு கோட், காயவிடு, நுரைக்கல் பொடியால் தேய், மறுபடி கோட். ஒரு காருக்கு வாரக்கணக்கு. இடையில் காயக் காத்திருக்கும் உடற்கூடுகளை வைக்கவே மாடி மாடியாக இடம் வேண்டும். ஆலையின் வேகத்தைத் தீர்மானித்தது இயந்திரம் அல்ல, ஈரம்.

அதை மாற்றியது எங்கள் பட்டறையில் தினமும் புழங்கிய ஒரு சொல். மாமா, "டூக்கோ கலக்கு" என்பார். எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் கார் பெயிண்ட் என்றால் டூக்கோ. இந்தப் பயணத்தில்தான் அதன் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. டூபான்ட் கம்பெனிக்கு வெடிமருந்துப் பஞ்சு பழகிய பொருள். நைட்ரோ செல்லுலோஸ். அதை வைத்து சினிமாப் பிலிம் செய்வது குறித்து நியூ ஜெர்சியின் பார்லினில் ஆய்வு நடந்துகொண்டிருந்தபோது, 1920-ல், கெட்டியாக இருக்க வேண்டிய கரைசல் ஒன்று நீர்த்துப் போயிருந்தது. நீர்த்தும் அதில் சரக்கு குறையவில்லை. ஸ்ப்ரே பண்ணினால் தடிமனாக நிற்கும், சட்டென்று காயும். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் அதோடு கைகோத்தார்கள். 1924 மாடலாக வந்த ஓக்லாண்ட் கார்கள் அதைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் வந்தன. 'ட்ரூ ப்ளூ' என்று விளம்பரம். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நிறங்கள் பெருகின. ஃபோர்டும் கடைசியில் கருப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒருகாலத்தில் பீரங்கிக்குப் போன பஞ்சு, டிக்கி மூடிக்கு வந்து சேர்ந்தது. மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. தின்னர் பக்கத்தில் பீடி பற்ற வைத்தால் மட்டும் அடிக்க வருவார். காரணம் சரிதான்.

பிக்கெட் கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஆறு மாடி எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது: ஃபிஷர் பாடி, ஆலை எண் 21. 1919-ல் கட்டியது. குதிரை வண்டி கட்டிய குடும்பத்திலிருந்து வந்த ஃபிஷர் சகோதரர்களின் கம்பெனி. 1926-ல் முழுமையாக ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. இந்தப் பெயர் தெரியாமல் அந்தக் கார்களின் நிறத்தைப் புரிந்துகொள்ள முடியாது. உடற்கூட்டை, கதவும் டிக்கி மூடியும் சேர்த்து, ஃபிஷர் ஆட்கள் கட்டிப் பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். முன் மட்கார்டும் பானட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிரிவில் தனியாக அடிக்கப்படும். இரண்டும் முதன்முதலாக முகம் பார்ப்பது பூட்டும் வரிசையில்தான், பழைய காலத்துக் கல்யாணம் மாதிரி. அதனால் மீண்டும் பெயிண்ட் படாத வண்டிகளில் டிக்கி மூடியின் நிறமும் பானட்டின் நிறமும் மயிரிழை வேறுபடலாம். அதைப் 'பொருத்தி' அடித்துவிட்டால் விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். இந்த 21-ஆம் எண் கட்டடத்தின் கடைசிக் குடித்தனக்காரரும் ஒரு பெயிண்டிங் கம்பெனி. அவர்கள் 1993-ல் போனபின் ஜன்னல்கள் உடைந்து, புறாக்கள் குடியேறின. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அங்கிருந்து கலைக்கூடம் பக்கம்தான். டியேகோ ரிவேரா 1932-33-ல் சுவர் முழுக்க வரைந்த தொழிற்சாலை ஓவியங்கள், 27 பலகங்கள். அச்சு இயந்திரம், உலை, வளைந்த முதுகுகள், சாம்பலும் பச்சையுமாய் ஒரு பெரிய குடல். முழுமையாக முடிந்த காரைத் தேடினேன். வரிசையின் கோடியில், கட்டைவிரல் போல, சிவப்பாக ஒன்று. அவ்வளவுதான். ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் வைக்க வேண்டிய வேலை ரிவேராவுக்கு. அவருக்கும் எதிரி ஈரம்தான், ஆனால் திசை வேறு.

திங்கட்கிழமை டியர்போர்ன். ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வரிசை எண் ஒன்று என்ற மஸ்டாங் இருக்கிறது. வெள்ளை, கூரை மடியும் வகை. விற்கக் கூடாத காட்சி வண்டி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு விமானிக்குக் கைதவறி விற்கப்பட்டது. அவர் இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு, புதிய மஸ்டாங் ஒன்றை வாங்கிக்கொண்டு இதைத் திருப்பிக் கொடுத்தார். நான் நேராகப் பின்பக்கம் போனேன். டிக்கி மூடியிருந்தது. காவலரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். மாமா பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஃபோர்டின் ரூஜ் ஆலைச் சுற்றுலாவிலும் காட்டுவது பூட்டும் வரிசையை மட்டுமே. பெயிண்ட் கூடத்துக்குப் பார்வையாளரை விடமாட்டார்கள். விடாதது நியாயம், என் சட்டைப் பஞ்சு ஒன்று பறந்தால் ஒரு கதவு பாழ்.

அங்கே இன்று நடப்பதை வெளியிலிருந்தே சொல்லலாம். உடற்கூட்டை முழுசாகத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மின்னூட்டம் உள்ள பிரைமர் தகட்டை நோக்கித் தானே போய் ஒட்டிக்கொள்ளும். கன்னும் கையும் எட்டாத பொந்திலும் புகும். ஃபோர்டு 1960-களில் தொடங்கிய முறை. எழுபதுகளின் பின்பாதியில் மின்முனைகளை இடம் மாற்றிப் போட்டதும் உலகெங்கும் பரவியது. அதற்கு முந்தைய டிக்கி மூடிகள் ஏன் கீழ்விளிம்பிலிருந்தே அரித்தன என்பதற்கு விடையும் இதுதான். இரண்டு தகடும் மடிந்து சேரும் அந்த மடிப்புக்குள் ஸ்ப்ரே போகவே இல்லை. மழைநீர் போயிற்று.

கிளம்புமுன் ஒரு கைவினைக் கடையில் ஃபோர்டைட் வாங்கினேன். பெயர்தான் கல். பெயிண்ட் கூடத்தில் வண்டிகளைச் சுமந்த தாங்கிகளின் மேல், பறந்து வந்த எனாமல் நாளுக்கு நாள் படிந்து, ஒவ்வொரு வண்டியோடும் ஓவனுக்குள் போய் வெந்து, ஆண்டுக்கணக்கில் தடித்துப்போன பொருக்கு. தொழிலாளர்கள் அதைக் கொத்தி எடுத்தார்கள். சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்து மெருகேற்றிப் பார்த்தார்கள். உள்ளே நூறு நிறம், மர வளையம் போல. பின்னால் ரோபோக்களும் மின்னூட்ட ஸ்ப்ரேயும் வந்து பெயிண்ட் வீணாவது குறைந்ததும் இந்தப் பொருக்கு வளர்வது நின்றுவிட்டது. ஆகவே நகையாகிவிட்டது.

இரவு மாமாவோடு வீடியோவில் பேசினோம். சிங்காநல்லூரில் காலை, திண்ணையில் காபி டம்ளரோடு இருந்தார். கல்லைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்தேன்.

"என்ன கண்ணு அது, கம்மர்கட்டா?"

"பெயிண்டுங்க மாமா. முழுக்கப் பெயிண்டு. கார் ஃபேக்டரியில படிஞ்சது."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இன்னுங் கொஞ்சம் கிட்டக் காட்டு." காட்டினேன். உதடு அசைய எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் விட்டுவிட்டார். வளையங்கள் வளைந்து, முண்டும் குழியுமாகப் போகும் இடத்தில் விரலை நீட்டினார்.

"ஒரு கோட்டுக்காவது பேப்பர் போட்டுத் தேச்சானா பாரு."